பதில்: வேலையை விட்டுவிட்டு முழுநேர டிஜே ஆகலாமா?

பகலில் வேலை, வார இறுதியில் டெக்னோ என்ற மின்னணு நடன இசை. சமூக ஊடகத்தில் பின்தொடர்பவர்கள் குறைவு என்று ஒரு கிளப் வாய்ப்பை மறுத்துவிட்டது, அதனால் வேலையை விட்டு முழுநேரமும் வீடியோ போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு விடாதீர்கள்.

அந்த மறுப்பு வலித்திருக்கும், புரிகிறது. 1977-இல் சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் வாசிக்கத் தொடங்கிய காலத்தில், ஒரே இடத்தில் வாரக்கணக்கில் வாசித்து, ஆடுபவர்களைப் பார்த்தே கற்றுக்கொள்ள முடிந்தது. 2010-இல், டிஜேக்கள் வாசிப்பதை இணையத்தில் நேரலையாகக் காட்டும் பாய்லர் ரூம் வந்தபின் கேமராவுக்காகவும் வாசிக்க வேண்டியதாகிவிட்டது. ஆனாலும் எல்லா இடமும் அப்படி மாறவில்லை. பெர்லினின் பெர்க்ஹைன் கிளப்பில் இன்றும் வாசலிலேயே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள்.

அதனால் சின்ன கிளப் ஒன்றில் மாதம் ஒருமுறை ரெசிடென்சி, அதாவது நிலையாக வாசிக்கும் வாய்ப்பு, கேளுங்கள். கூட்டம் சேரும் முன் வாசிக்கும் வார்ம்-அப் நேரம் கிடைத்தாலும் சரி, வாங்கிக்கொள்ளுங்கள். காலியான ஆடுதளத்தை அவசரப்படாமல், உச்ச நேரத்துப் பாட்டுகளை வீணாக்காமல் நிரப்பத் தெரிந்தவர் மிகக் குறைவு. அடுத்து வாசிக்கப்போகிறவரே உங்களைப் பற்றி நாலு பேரிடம் சொல்வார். கூடவே சொந்த ட்ராக்குகளும் செய்யுங்கள். வெளியிடும் முன் உரிமைத்தொகை வசூலிக்கும் அமைப்பில் பதிவு செய்துவிடுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இத்தனை டிக்கெட் விற்றால்தான் மேடை என்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம்.

அப்புறம் காது. 100 டெசிபலில் ஒரு நாளைக்குப் பாதுகாப்பான நேரம் சுமார் 15 நிமிடம்தான். பாட்டுகளைக் கலக்கும் புது கன்ட்ரோலருக்கு முன்னால் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்குங்கள்.