சதுப்பு நிலத்தில் கோல்ஃப் – கடிதம்

வணக்கம் ஐயா,

சார்லட் நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கோல்ஃப் ஆடத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. ஜூலையில் குடும்பத்தோடு தென் கரோலினாவின் மர்டில் பீச் போகிறோம். அருகிலுள்ள பாலீஸ் பிளான்டேஷன் கோல்ஃப் மைதானத்தில் ஒரு சுற்று ஆடலாம் என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். “சதுப்பு நிலம், பந்தெல்லாம் சேற்றுக்குத்தான், காசைக் கரியாக்காதே” என்கிறார் மனைவி. கட்டணம் குறைவாக இருப்பதால் மைதானமும் சுமாராகத்தான் இருக்குமோ என்று எனக்கும் ஐயம். போகலாமா?

கே., சார்லட்

அன்புள்ள கே.,

பந்து சேற்றுக்குப் போகும் என்று உங்கள் மனைவி சொல்வது உண்மை. காசு கரியாகும் என்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

மர்டில் பீச் வட்டாரத்தில் மைதானங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, போட்டி கடுமை. குளிருக்குத் தப்பி வடக்கிலிருந்து ஆட்கள் வரும் மார்ச், ஏப்ரலில் விலை ஏறும். வெயில் கொளுத்தும் ஜூலையில் இறங்கும், பிற்பகலில் இன்னும் இறங்கும். விலை குறைவது வெயிலுக்கான தள்ளுபடி, மைதானத்தின் தரம் குறைவு என்பதால் அல்ல. வெயிலுக்கு நாம் பயப்படலாமா? ஒப்பிட்டுப் பாருங்கள்: இதே தென் கரோலினாவின் கியாவா தீவில், 2021-இல் கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கெல்சன் 50 வயதில் பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற பெரிய போட்டியை வென்ற ஓஷன் கோர்ஸ் மைதானத்தில், ஒரு சுற்றுக்குப் பல நூறு டாலர் கேட்பார்கள்.

பாலீஸ் பிளான்டேஷன் புகழ்பெற்ற கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ் வடிவமைத்தது, 1988-இல் திறந்தது. அதன் பதின்மூன்றாவது குழிக்காகவே போகலாம். பார்-3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி; தூரம் 150 கஜம்கூட இல்லை. ஆனால் குழி இருக்கும் புல்தரையான கிரீன் சிறியது, சுற்றிலும் சதுப்பு. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் போனால் கரும்சேறு முழுக்க வளைகள். ஒற்றைக் கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்த ஆண் நண்டுகள் வாசலில் நின்று அதை ஆட்டிக்கொண்டிருக்கும். பின்னால் காத்திருப்பவர்கள் முனகினாலும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அடியுங்கள்.

அந்தக் குழிக்கு முதல் அடி அடிக்கும் இடமான ‘டீ’ இருக்கும் கரை பழைய நெல்வயலின் கரை. 1840-களில் அமெரிக்க நெல்லில் ஏறத்தாழப் பாதி இந்த ஜார்ஜ்டவுன் வட்டாரத்தில்தான் விளைந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் சந்ததிகளும் முழங்கால் சேற்றில் நின்று கரை எழுப்பி, மரத்தில் மதகு வைத்து, கடல் ஏறும்போது ஆற்றில் எதிர்த்தெழும் நன்னீரை வயலுக்குப் பாய்ச்சினார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் அந்த வேளாண்மை நொடித்தது. மிச்சத்தைப் புயல்கள் முடித்தன. அடிமைகளை உழைக்கவைத்த பண்ணையை நினைவூட்டும் ‘பிளான்டேஷன்’ என்ற பெயரை விடுதிக்காரர்கள் இன்னும் பெருமையாகப் பலகையில் எழுதுவது எனக்கு உவப்பாக இல்லை. நெல் தின்று வளர்ந்த நமக்கு அந்தக் கரையை வெறும் மண்மேடாகப் பார்க்க முடியாது.

ஆட்டத்துக்கு வருகிறேன். கூச்சப்படாமல் முன்வரிசை டீயிலிருந்து ஆடுங்கள். ஓராண்டு ஆட்டக்காரர் பின் டீயில் நிற்பதுதான் உண்மையான பண விரயம். பதின்மூன்றாவது குழியில் பந்து கிரீனை எட்டாமல் சேற்றில் விழுந்தால், ஒரு தண்டனை அடியோடு மீண்டும் அதே சேற்றைத் தாண்டித்தான் அடிக்க வேண்டியிருக்கும். பிற்பகலில் கடற்காற்று வேறு எழும். எனவே வழக்கமாக எடுப்பதைவிட ஒரு எண் நீண்ட மட்டையை எடுங்கள். சேற்றில் விழுந்த பந்தைத் தேடி இறங்க வேண்டாம். சிப்பிகள் காலைக் கிழித்துவிடும். பழைய பந்துகளாக ஒரு பை கொண்டுபோங்கள். குளத்தோரம் முதலை படுத்திருந்தால் வீரம் காட்டாதீர்கள். அபாயமான விலங்கின் அருகே பந்து கிடந்தால் தண்டனையின்றி வேறிடத்தில் ஆட விதியே இடம் தருகிறது.

ஜூலை பிற்பகல்களில் இடிமழை சாதாரணம். மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் ஆட்டத்தை நிறுத்தி உள்ளே வந்துவிட வேண்டும். பாதியில் நின்றால் மீதிக் குழிகளுக்கான பணத்தை வேறொரு நாளுக்கு வரவு வைப்பார்களா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.