தேர்வா, தொகுப்பா?

கேள்வி: ஃபுளோரிடாவில் இருக்கிறோம். ஒன்பது வயது மகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துகிறோம். ஆண்டு மதிப்பீட்டுக்குப் பொதுத் தேர்வா, போர்ட்ஃபோலியோவா (அவள் செய்த பாட வேலைகளின் தொகுப்பா)? தேர்வென்றாலே அழுகிறாள்.

பதில்: அழுகிற குழந்தையைக் கட்டாயப்படுத்தாதீர்கள், உங்கள் மாநிலச் சட்டம் இரண்டையும் ஏற்கிறது. உரிமம் பெற்ற ஆசிரியர் ஒருவர் தொகுப்பைப் பார்த்து, அவளோடு பேசி, முன்னேற்றத்தை எழுதிக் கொடுத்தால் போதும். எப்படியும் தொகுப்பை 2 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்கத்தான் வேண்டும், அதனால் பெரிய கூடுதல் வேலை இல்லை. ஆனால் அழகான தாள்களை மட்டும் சேர்க்காதீர்கள். ஆகஸ்டில் தப்பும் தவறுமாகப் போட்ட வகுத்தல் கணக்கும் மே மாதம் போட்டதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வளர்ச்சி தெரியும். படித்த புத்தகங்களின் பெயர்களோடு பாடக் குறிப்பையும் அன்றன்றைக்கே எழுதுங்கள். அப்புறம், பின்னாளில் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், மதிப்பெண் பேச்சே இல்லாமல் வீட்டில் ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கட்டும்.