கேமரா எப்பவும் ரெடியா இருக்கணும்! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஏற்காடு மலைப்பாதையில பைக்ல போறப்ப திடீர்னு காட்டெருமை கண்ணுல படுது. பையத் திறந்து கேமராவ எடுத்து மூடியக் கழட்டி ஆன் பண்றதுக்குள்ள அது புதருக்குள்ள போயிடுது. அப்படியே எடுத்தாலும் படம் ஆடிப்போய் வருது. என்ன பண்றது?
– கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், 20 கொண்டை ஊசி வளைவு இருக்குற ரோடு அது, வண்டிய ஓட்டிக்கிட்டே ஒரு கையில கேமரா வேணவே வேணாம். அகலமான இடமா பாத்து ஓரங்கட்டுங்க, காட்டெருமை இருந்தா கிட்டக்க நடந்து போகாதீங்க, அது சாதுவா நிக்கிற மாதிரிதான் தெரியும், ஆனா மிரண்டுச்சுன்னா ஓடித் தப்பிக்க முடியாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். பை, மூடி, சுவிட்ச் இந்த மூணுலயும் போற நேரத்த மிச்சம் பண்றது ஈஸி. கேமராவ வார் போட்டு குறுக்கால மாட்டிக்கங்க, மூடியக் கழட்டி பாக்கெட்ல போட்டுட்டு லென்ஸ் முன்னாடி ஹூட்ங்கற மறைப்பு வளையத்த மாட்டிடுங்க, எங்கயாவது இடிச்சாலும் அடி ஹூட்டோட போயிடும். சுவிட்ச ஆன்லயே விட்டுடலாம், கேமரா தானா தூங்கினாலும் ஷட்டர் பட்டன பாதி அமுக்கினா முழிச்சுக்கும். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்தான், அதுக்கு ஒரு ஸ்பேர் பேட்டரி வெச்சுக்கங்க.

படம் ஆடிப்போறதுக்குக் காரணம் வேற. முந்தின நாள் ராத்திரி எதையோ எடுக்க வெச்ச மெதுவான ஷட்டர் செட்டிங் அப்படியே கெடக்கும், காலையில மாடு வந்து நிக்கிறப்ப நீங்க டயலத் திருகிக்கிட்டு இருப்பீங்க. அதனால தினமும் கேமராவப் பைக்குள்ள வைக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துடுங்க. அப்பர்ச்சர் மோடு (லென்ஸ் திறப்ப மட்டும் நீங்க வைக்கறது), திறப்பு எஃப் 5.6, ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கேமராவே உணர்திறன மாத்திக்கறது), அதுல அதிகபட்சம் 6400, குறைஞ்ச ஷட்டர் வேகம் 1/500 நொடி, ஃபோகஸ் தொடர்ந்து பின்னாடியே போற மோடு, செல்ஃப் டைமர் ஆஃப், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்த வெளிச்சமாவோ இருட்டாவோ ஆக்குறது) பூஜ்யம். உங்க கேமரா டயல்ல சொந்த செட்டிங்குக்குன்னு சி1 மாதிரி இடம் இருந்தா இதை அதுலயே சேவ் பண்ணி வெச்சுடலாம். மலைப்பாதையில ஒரு வளைவு மர நிழல்ல இருட்டா இருக்கும், அடுத்த வளைவுல வெயில் மூஞ்சில அடிக்கும், ஆட்டோ ஐஎஸ்ஓ இருந்தா அந்தக் கவலைய கேமரா பாத்துக்கும், நீங்க மாட்டப் பாத்தா போதும்.

பனிமூட்டத்துல மட்டும் ரெண்டு விஷயம் கை வேலையா பண்ணணும். கேமரா வெள்ளைய பாத்துட்டு வெளிச்சம் ஜாஸ்தின்னு நெனச்சு பனிய சாம்பல் கலராக்கிடும், காம்பன்சேஷன +1 பக்கமா ஏத்துங்க. அப்புறம் வெறும் பனி மேல ஃபோகஸ் புடிக்காது, லென்ஸ் முன்னயும் பின்னயும் அலைஞ்சிக்கிட்டே இருக்கும். அதே தூரத்துல இருக்குற சில்வர் ஓக் மரத்தோட விளிம்புல ஃபோகஸ் புள்ளிய வைங்க, டக்குனு புடிச்சுக்கும்.

கேள்வி: என்கிட்ட போன் மட்டும்தாங்க இருக்கு. பேரன் பண்ற சேட்டைய எடுக்கறதுக்குள்ள முடிஞ்சுடுது.
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: அம்மா, இதுக்குப் போன்தான் பெஸ்ட், கையிலயே இருக்குதே. நிறைய ஆண்ட்ராய்டு போன்ல பவர் பட்டன ரெண்டு தடவ டக்டக்னு அமுக்கினா லாக் எடுக்காமலே கேமரா வந்துடும், வரலன்னா செட்டிங்ஸ்ல தேடி ஆன் பண்ணிக்கங்க. ஐபோன்ல லாக் ஸ்கிரீன இடது பக்கம் தள்ளினா போதும். சேலை முந்தானையில லென்ஸ ஒரு தடவ தொடச்சுட்டு எடுங்க, சமையல் கை பட்ட எண்ணெய்ப் பிசுக்குதான் பாதிப் படத்த மங்கலாக்குது. ஸ்டோரேஜ் ஃபுல்லுனு வராம வாட்ஸ்அப் வீடியோவ அப்பப்ப காலி பண்ணுங்க.

கேள்வி: ஆடித் திருவிழால சேலம் குகை பகுதியில நடக்குற வண்டி வேடிக்கை ஊர்வலத்த எடுத்தேன், லைட்டு முழுக்க கோடு கோடா விழுந்திருக்கு. கேமரா போயிடுச்சா?
– மொபைல் கடை வெச்சிருக்கும் வாசகர், குகை

பதில்: கேமரா நல்லாத்தான் இருக்கு. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுல எரியுற பல லைட்டு நொடிக்கு 100 தடவ மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டர் படத்த வரி வரியா படிக்கறதால அந்த மங்கல் கோடா பதிவாயிடுது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்தி வேகத்த 1/100ல வைங்க, பெரும்பாலும் சரியாயிடும். வண்டி மெதுவாத்தான் நகரும், சாமி வேஷம் போட்டவங்க அசையாம நிப்பாங்க, அந்த வேகம் தாராளம். வீட்டுக்கு வந்ததும் மறக்காம பழைய செட்டிங்குக்கு மாத்திடுங்க.

கேள்வி: ஏற்காட்டுல இருந்து கீழ இறங்கினதும் லென்ஸ் ஆவி புடிச்சுக்குது, ஏன்?
– வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: குளிர்ந்துபோன கண்ணாடி மேல சூடான ஈரக்காத்து பட்டா அப்படித்தான், ஏசி கார்ல இருந்து இறங்கினாலும் இதேதான் நடக்கும். பைய மூடியே வெச்சு அரை மணி நேரம் கழிச்சு திறங்க, அது வரைக்கும் லென்ஸக் கழட்டி மாத்தவே கூடாது, உள்ள படத்தப் பதிவு பண்ற சென்சார் மேல ஈரம் படியும். பைக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க.

கேள்வி: சந்தையில ஆளுங்ககிட்ட கேட்டுட்டு எடுத்தா போஸ் குடுத்துடறாங்க. கேக்காம எடுக்கலாமா?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: எடுங்க, ஆனா எடுத்த கையோட அவங்ககிட்டயே கொண்டுபோய்க் காட்டுங்க. வேணாம்னு சொன்னா அவங்க கண்ணு முன்னாடியே அழிச்சுடணும், அது எவ்வளவு நல்ல படமா இருந்தாலும் சரி. குழந்தைங்கள எடுக்கறதா இருந்தா அம்மா அப்பாகிட்ட முன்னாடியே கேட்டுடுங்க, போஸ் குடுத்தாலும் பரவால்ல, கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா அதுங்களே உங்கள மறந்துட்டு விளையாடப் போயிடும், அப்ப எடுங்க.

கேள்வி: கல்யாணத்துல அம்பது படம் எடுத்தப்புறம்தான் மெமரி கார்டு லேப்டாப்லயே இருக்குனு தெரிஞ்சுது. இதுக்கு வழி இருக்கா?
– வாசகர், ஓமலூர்

பதில்: இருக்கு. மெனுவுல ‘ரிலீஸ் வித்தவுட் கார்டு’ங்கற மாதிரி ஒரு ஆப்ஷன் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பேரு மாறும், அதை ஆஃப் பண்ணிடுங்க. கார்டு இல்லன்னா முதல் படத்துலயே க்ளிக் ஆகாது.