ஞாபகசக்தி மாத்திரை வாங்கும் முன் அம்மாவின் மாத்திரைப் பையைப் பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. கும்பகோணத்தில் அப்பாவோடு இருக்கிறார். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. ஏழெட்டு மாதமாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். அடுப்பை அணைக்காமல் வந்துவிடுகிறார். பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கொடுத்துவிட்டார். ஆனால் தன் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்கிறார். "வயசானா அப்படித்தான்" என்கிறார் அப்பா. அண்ணனோ "அல்சைமர்தான், உடனே ஸ்கேன் எடு" என்கிறான். மருந்துக்கடையில் ஞாபகசக்திக்கு என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். தரலாமா?

பதில்: அந்த மாத்திரையை ஓரமாக வைத்துவிடுங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அப்பா சொல்வது. 2023இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் இருக்கிறது. அண்ணன் சொல்லும் அல்சைமர் அதில் ஒரு வகை. மீதிப் பேருக்கு இல்லை. ஆகவே வயசானால் எல்லோருக்கும் அப்படித்தான் என்பது சரியில்லை. வயதால் வரும் மறதி வேறு மாதிரி இருக்கும். கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்துப் பேர் வராமல் முழிப்போம். வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்போது தானாக வந்துவிடும். அந்தக் கல்யாணத்துக்குப் போனதே நினைவில் இல்லை என்றால்தான் கவலை. பால்காரருக்கு இரண்டாம் தடவை பணம் கொடுத்தது இந்த ரகம். முதல் தடவை கொடுத்தது மனதில் பதியவே இல்லை.

பழைய கல்யாணக் கதையை வைத்து நிம்மதி அடையாதீர்கள். புதிதாக நடப்பதைப் பதிய வைப்பதில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அல்சைமரில் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது அதுதான். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி உறுதியான கதைகள் அப்புறமும் நெடுநாள் நிற்கும்.

அதற்காக அண்ணன் சொல்வதற்கும் இப்போதே தலையாட்ட வேண்டாம். பதினைந்து வருஷச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் பார்க்கத் தோன்றுவது மூளையின் படத்தை அல்ல, அம்மாவின் மாத்திரைப் பையை.

அதில் சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் இருக்கும் என்றே நினைக்கிறேன். நல்ல மருந்துதான். ஆனால் வருஷக்கணக்கில் எடுத்தால் பி12 வைட்டமின் உடலில் சேர்வதைக் குறைக்கும். கூடவே வயிற்றெரிச்சலுக்கு பான்டோபிரசோலோ ஒமிபிரசோலோ தினமும் போகிறதென்றால் இன்னும் குறையும். அம்மா சைவம் என்றால் வரவே கொஞ்சம்தான், பாலும் தயிரும்தான் வழி. பி12 குறைந்தால் பாதம் எரியும், மரத்துப்போகும், நடை தள்ளாடும், ஞாபகமும் மங்கும். பாத எரிச்சலைச் "சர்க்கரைதான்" என்று வைத்துக்கொண்டு அதற்கு அமிட்ரிப்டிலின் எழுதுவதும் உண்டு. வயதானவர்களுக்கு ஞாபகத்தைக் கலக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. ஒரு குறையைச் சரிபார்க்காமல் விட்டு, அதே பக்கம் இன்னொரு சுமையையும் ஏற்றியது போல ஆகிவிடுகிறது.

அமிட்ரிப்டிலின் மட்டுமல்ல. சளி, தும்மலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் குளோர்ஃபெனிரமின், அடிக்கடி சிறுநீர் வருவதற்குத் தரும் ஆக்சிபியூட்டினின், தூக்கத்துக்கு அல்பிரசோலம், கை நடுக்கத்துக்கு டிரைஹெக்சிஃபெனிடில் எல்லாம் இதே கணக்கில் வரும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் காட்டி ஒவ்வொன்றாகக் குறைப்பதே வழி.

இன்னும் இரண்டு சங்கதி. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் கலந்த மாத்திரை இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். வீட்டில் "பிரஷர், உப்பே கூடாது" என்று கண்டிப்பும் இருந்தால் கேட்கவே வேண்டாம். சோடியம் 135க்குக் கீழே இறங்க இறங்கக் குழப்பமும் சோர்வும் கூடும். அடுத்தது தாழ்சர்க்கரை. சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்கு இது வரலாம். இளவயதுக்காரருக்குக் கை நடுங்கி வியர்க்கும். 70 வயதில் அப்படி எதுவும் இல்லாமல் வெறும் குழப்பமாகவே வந்துபோகலாம். HbA1c என்ற மூன்று மாதச் சராசரி 6.2 வந்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஞாபகம் தடுமாறும் முதியவருக்கு, அதுவும் இந்த மருந்துகளோடு, சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துபோகிறதோ என்று அந்த எண் என்னைப் பயமுறுத்தும். அவர்களுக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும் என்பதே இன்றைய வழிகாட்டுதல்.

ஆகவே முதலில் எடுக்க வேண்டியது ரத்தப் பரிசோதனை: முழு ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, HbA1c, சோடியம், கால்சியம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, பி12. பி12க்கு ரத்தம் கொடுப்பதற்கு முன்பே பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். எண் பொய்யாக உயர்ந்து நிற்கும், குறை தெரியாமல் போய்விடும். 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைதான். 200க்கும் 300க்கும் நடுவே இருந்து அறிகுறியும் இருந்தால் நான் சிகிச்சை தந்துவிடுவேன்.

மறதி எவ்வளவு வேகமாக வந்தது என்பதையும் டாக்டருக்குச் சொல்லுங்கள். ஏழெட்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக என்றால் நிதானமாகப் பார்க்கலாம். இரண்டே நாளில் ஆள் மாறிவிட்டார், காலையில் தெளிவு, மாலையில் பிதற்றல் என்றால் அது டிமென்ஷியா அல்ல, டெலிரியம் என்ற திடீர்க் குழப்பமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ பின்னால் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சில வாரங்களில் மோசமாகிறது, நடுவில் எங்கேயாவது தலை இடித்துக்கொண்டார், ஆஸ்பிரினும் எடுக்கிறார் என்றால் மூளை உறைக்கடியில் ரத்தம் தேங்கியிருக்கலாம். அப்போது ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. மறதியோடு பாதம் தரையில் ஒட்டினாற்போல் நடையும் சிறுநீரை அடக்க முடியாமையும் சேர்ந்தால் மூளையில் நீர் கூடியிருக்கலாம். அதற்கு ஆபரேஷன் உண்டு.

மற்றபடி ஸ்கேன் ஒரு தடவை எடுத்தால் போதும். இதுபோன்ற வேறு காரணங்களை விலக்கத்தான் அது. "ஸ்கேன் நார்மல்" என்று வந்தால் ஆரம்ப கட்ட அல்சைமர் இல்லை என்று ஆகாது. அதைக் கண்டுபிடிக்க உதவுவது கேள்வி-பதில் சோதனையும் நீங்கள் சொல்லும் விவரமும்தான். சோதனையை 30 மதிப்பெண்ணுக்குப் போடுவார்கள். அம்மா எத்தனாம் வகுப்பு படித்தார், காது நன்றாகக் கேட்கிறதா, மனச்சோர்வு உண்டா என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் வெறும் எண்ணை வைத்து முடிவு சொன்னால் ஏற்க வேண்டாம். கேள்வியே காதில் விழாதவருக்கும் மார்க் குறையும்.

அழைத்துப் போகும்போது "உங்களுக்கு மறதி" என்று சொல்லாதீர்கள், சர்க்கரைக்குச் செக்கப் என்றே சொல்லுங்கள். அடுப்பு, பால் பணம், எப்போது தொடங்கியது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். அம்மா எதிரில் குறை அடுக்குவது கொடுமை. பழகிய பொது மருத்துவரிடமே தொடங்கலாம். சென்னைக்கு வர முடிந்தால் கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை அரசு நடத்துவது. யோசனை கேட்க முதியோர் உதவி எண் 14567.

சரி, அந்த ஞாபகசக்தி மாத்திரை. இப்படி விற்கும் மாத்திரைகளில் கிங்கோ என்ற மூலிகையோ பிராசெட்டம் என்ற மருந்தோ இருப்பதுண்டு. கிங்கோவை 3,000க்கும் மேற்பட்ட முதியவர்களுக்குப் பல வருஷம் கொடுத்துப் பார்த்து 2008இல் முடிவு வெளியிட்டார்கள். டிமென்ஷியா வருவதை அது தடுக்கவில்லை. பிராசெட்டம் டிமென்ஷியாவுக்குப் பலன் தரும் என்பதற்கும் உருப்படியான ஆதாரம் இல்லை. அல்சைமர் உறுதியானால் டோனெபெசில் தருவார்கள். அதுவும் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், நோயைக் குணப்படுத்தாது. நாடித்துடிப்பைக் குறைக்கும் என்பதால் முதலில் ஈசிஜி பார்ப்பது நல்லது.

பி12 ஊசி போட்டவுடன் அம்மா பழையபடி ஆகிவிடுவார் என்று நான் சொல்ல மாட்டேன். முழுசாகத் திரும்புவது அபூர்வம். பி12 குறையும் அல்சைமரும் ஒருவருக்கே இருக்கலாம். ஆனால் சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். மூன்று மாதம் கழித்து அதே கேள்வி-பதில் சோதனையை மறுபடி வைக்கச் சொல்லுங்கள். மாற்றமில்லை என்றால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

அதுவரை மாத்திரையை அப்பாவே கையில் எடுத்துக் கொடுக்கட்டும். சமையல் முடிந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடச் சொல்லுங்கள். கேட்டதையே கேட்டால் "இப்பத்தானே சொன்னேன்" என்று சொல்லாமல் அதே பதிலையே சொல்லுங்கள். அம்மா தெளிவாக இருக்கும் இந்த நாட்களிலேயே, அவர் விருப்பத்தைக் கேட்டு, வங்கிக் கணக்கில் அப்பாவையோ உங்களையோ கூட்டாகச் சேர்த்து, நாமினியையும் சரிபார்த்துவிடுங்கள். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். நம் நாட்டுச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சுயமாக முடிவெடுக்கும் நிலையை இழந்தால் அது செல்லாது.