கண்டிப்பா, சிநேகமா? புதிதாகக் கல்லூரியில் சேரும் ஒருவருக்கு என் பதில்

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேரப் போகிறேன். மாணவர்கள் வகுப்பைத் தங்கள் இடமாக நினைக்க வேண்டும். அதற்குக் கண்டிப்பாக இருப்பது நல்லதா, சிநேகமாக இருப்பது நல்லதா?

எனக்குப் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டு ஊர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கடலூரில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். பள்ளியில் படித்ததெல்லாம் தமிழ் வழி. முதல் இரண்டு மாதம் தினமும் பஸ்ஸில் ஏறும்போது, இன்றோடு நின்றுவிடலாமா என்றுதான் தோன்றும்.

எங்கள் துறையில் ஒரு சார் இருந்தார். கோபமே வராது. லேட்டாக வந்தாலும் கேட்க மாட்டார், வராவிட்டாலும் கேட்க மாட்டார். ரெக்கார்டு நோட்டைப் புரட்டாமலே கையெழுத்துப் போடுவார். அவரை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் மூன்று வருஷமும் அவருக்கு என் பெயர் தெரியாது.

இன்னொருவர் மேடம். பியூரெட்டைச் சரியாகக் கழுவவில்லை என்றால் முதலிலிருந்து செய்யச் சொல்வார். அவரிடம் எல்லோருக்கும் பயம். ஆனால் முதல் வாரமே, யார் யார் எந்த ஊரிலிருந்து எந்த பஸ்ஸில் வருகிறோம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். எங்கள் பஸ் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வந்து சேரவே ஒன்பதேகால் ஆகிவிடும். லேபைக் காலையில் வைப்பதா, மதியம் வைப்பதா என்று வகுப்பையே கேட்டு, ஹெச்.ஓ.டி.யிடம் பேசி மாற்றி வாங்கினார். அப்புறம் லேட்டாக வந்தவர்களை விடவே மாட்டார். நேரத்தை முடிவு செய்தது நாங்கள்தானே!

2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. எங்கள் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. கல்லூரி திறந்த பிறகும் நான் அப்பாவோடு விழுந்த மரங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. அப்போது எங்கள் பஸ்ஸில் வரும் பெண்ணிடம் மேடம் சொல்லி அனுப்பினார்: "மூணு எக்ஸ்பெரிமென்ட் பாக்கி இருக்கு. சனிக்கிழமை லேபைத் திறந்து வைக்கிறேன், வரச் சொல்லு." ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அங்கே எனக்காக ஒரு மேசை காத்திருக்கிறது என்று புரிந்தது. போனேன்.

பின்னாளில் கர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1939-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அந்த சாரும் மேடமும்தான் நினைவுக்கு வந்தார்கள். பத்து வயதுப் பையன்களின் குழுக்களை மூன்று விதமாக நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அதிகாரம் செய்தவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசி நடத்தியவர் வெளியே போன பிறகும் அந்தக் குழுவில் வேலை தொடர்ந்தது. கண்டுகொள்ளாமல் விட்ட குழுவில் வேலையே சரியாக நடக்கவில்லை. சிறுவர்களிடம் பார்த்ததைக் கல்லூரிக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் என் அனுபவம் அதையேதான் சொல்கிறது. கண்டிப்பு என்னை விரட்டவில்லை. கண்டுகொள்ளாமல் விட்டதுதான் விரட்டப் பார்த்தது.

உங்களுக்குப் புதுச்சேரி என்பதால் ஒன்று சொல்கிறேன். வகுப்பில் மாஹே, ஏனாம் பிள்ளைகளும் இருக்கலாம். ஒருவருக்கு வீட்டில் மலையாளம், இன்னொருவருக்குத் தெலுங்கு. சிநேகமாக இருப்பதாக நினைத்து நீங்கள் தமிழில் ஒரு ஜோக் அடிப்பீர்கள். அவர்கள் இருவரும் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பார்கள். அந்த ஒரு நொடியைக் கவனியுங்கள். குழு பிரிக்கும்போது 'நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்' என்று விட்டுவிடாதீர்கள். விட்டால் அந்த இருவரும்தான் மிஞ்சுவார்கள். நீங்களே பிரித்துவிடுங்கள். ரோல் நம்பரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். யாராவது நாலு நாள் வராமல் இருந்தால், அட்டெண்டன்ஸ் குறைகிறது என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். என்ன பாடம் பாக்கி, அதை எந்தக் கிழமை சொல்லித் தருவீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.