பிஸியான மருத்துவர்கள் நேரத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள்? அவர்களுக்கு உதவும் செயலிகள் எவை?

காலையில் அரசு மருத்துவமனை ஓபி, மாலையில் சொந்த கிளினிக் என்று ஓடும் பொது மருத்துவன் நான். நோயாளியைப் பார்க்கும் நேரத்தில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை, பிடிக்கவும் கூடாது. எங்கள் நேரத்தைத் தின்பது இரண்டே விஷயம்: எழுதியதையே திரும்ப எழுதுவது, போன். இந்த இரண்டையும் குறைக்காத ஆப் எதுவும் எனக்கு வேண்டாம்.

முதலில் எழுத்து வேலை. போனில் உள்ள ஜிபோர்டு கீபோர்டின் செட்டிங்ஸில் பெர்சனல் டிக்‌ஷனரி என்று ஒன்று இருக்கிறது. நீளமான குறிப்பை அதில் சேமித்து, அதற்கு ஒரு சுருக்கெழுத்தும் கொடுக்கலாம். நான் 'லோசு' (லோ சுகர், அதாவது ரத்தச் சர்க்கரை குறைவதன் சுருக்கம்) என்று அடித்தால் மேலே இது வந்து நிற்கும்: "வியர்த்து, கை நடுங்கினால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கவும். 15 நிமிடம் கழித்து சுகர் பார்க்கவும். ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 108-ஐ அழைக்கவும்." இன்சுலின் தொடங்கும் எல்லோருக்கும் போவது இதுதான். கம்ப்யூட்டரில் எஸ்பான்ஸோ என்ற இலவச மென்பொருள் இதே வேலையைச் செய்யும். வேர்டு மட்டும் போதுமென்றால் அதிலுள்ள ஆட்டோகரெக்ட்டே தாராளம்.

டிஸ்சார்ஜ் சம்மரிக்கு டெம்ப்ளேட் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'இரு பாதங்களிலும் நாடி நார்மல்' என்று முன்கூட்டியே அடித்து வைத்தால், ஒரு கால் அகற்றப்பட்டவருக்கும் அதே வரிதான் பிரிண்ட் ஆகும். மாறக்கூடிய இடங்களில் * போட்டு வையுங்கள். நிரப்பாமல் விட்டால் கண்ணை உறுத்தும்.

அப்புறம் போன். கிளினிக்குக்குத் தனி நம்பர், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். நேரம் முடிந்தபின் யார் செய்தி அனுப்பினாலும், 'நாளை மாலை பார்க்கிறேன், அவசரம் என்றால் மருத்துவமனைக்குப் போங்கள்' என்று அவே மெசேஜ் தானாகவே போய்விடும். ரிப்போர்ட் படங்களை வரவரத் திறக்க மாட்டேன், ஓபி முடிந்ததும் மொத்தமாகப் பார்ப்பேன். பொட்டாசியம் 6-ஐத் தாண்டியது போன்ற ஆபத்தான சங்கதி என்றால் மட்டும் லேப்காரர் நேராகக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் படங்களை போன் கேலரியில் காட்டும் மீடியா விசிபிலிட்டியை அணைத்துவிடுங்கள். நோயாளியின் புண் படம் உங்கள் வீட்டுக் கல்யாண போட்டோக்களுக்கு நடுவே வந்து உட்கார வேண்டாம்.

2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிகள் வாட்ஸ்அப் ஆலோசனையை அனுமதிக்கின்றன. ஆனால் அதன் பதிவுகளையும் மருந்துச் சீட்டின் நகலையும் நாம் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். எனவே தானாக மறையும் மெசேஜ் வசதியை இந்த நம்பரில் போடாதீர்கள்.

நோயின் தீவிரத்தையும் ஆபத்தையும் எண்ணில் மதிப்பிடும் ஸ்கோர் கணக்குகளுக்கு எம்டிகால்க் என்ற ஆப் இலவசம். பிஜி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஆங்கி என்ற ஃபிளாஷ் கார்டு ஆப் நல்லது, ஆண்ட்ராய்டில் காசில்லை, ஐபோனில் உண்டு.