எம்.ஜி.பி. காரில் ஹெட் கேஸ்கெட் ஒழுகுகிறது, வீட்டிலேயே மாற்றலாமா?

இங்கிலாந்தில் 1970-களின் எம்.ஜி.பி. வைத்திருக்கிறீர்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, இஞ்சின் பக்கவாட்டில் ஈரம் தெரிகிறது, கராஜில் ஹெட் கேஸ்கெட் (இஞ்சினின் உடலான பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார்கள். இதுதானே கேள்வி? தாராளமாக வீட்டிலேயே மாற்றலாம். நானும் அங்கேதான் இருக்கிறேன், என்னுடையதும் எம்.ஜி.பி.தான். ஆனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஒழுகுவது கேஸ்கெட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த இஞ்சினில் கேஸ்கெட்டின் மேல் பழி விழும் அளவுக்கு அது குற்றம் செய்வதில்லை.

இதில் இருப்பது பி.எம்.சி. நிறுவனத்தின் பி சீரிஸ் இஞ்சின், 1798 சி.சி. ஹெட், பிளாக் இரண்டுமே வார்ப்பிரும்பு. நம் ஊர் அம்பாசடரில் பல்லாண்டுகள் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சினும் இதே குடும்பம். பழைய அம்பாசடர் மெக்கானிக் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், எம்.ஜி.பி.யின் பானெட்டைத் திறந்து காட்டுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

என் காரை விற்றவரே "ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, அதனால்தான் விலை குறைவு" என்று சொல்லித்தான் கொடுத்தார். பார்த்தால், ஹெட்டின் வலது பக்கம் பின்புறத்தில் இருக்கும் ஹீட்டர் வால்வு கசிந்து, தண்ணீர் அப்படியே பிளாக் வழியே வடிந்துகொண்டிருந்தது. அதைப் போலவே இடது பக்கம் எண்ணெய் வழிந்தால், முதலில் மேனிஃபோல்டுக்கு (காற்றும் புகையும் போய்வரும் குழாய்த் தொகுதி) பின்னால் இருக்கும் டேப்பட் (வால்வுகளைத் திறக்கத் தள்ளும் உருளைகள்) மூடிகளையும் மேலே ராக்கர் கவரையும் பாருங்கள். எல்லா இடத்தையும் துடைத்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, டார்ச் அடித்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

எண்ணெய் மூடிக்கு அடியில் வெள்ளையாக வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால் பயந்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் கடைக்குப் போய் வருகிற அளவுக்கு மட்டும் ஓடும் காரில் அது சும்மாவே வரும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால்தான் கவலை. சரியான சாட்சி கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளப்பது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் சேர்ந்து இறங்கியிருந்தால், அவற்றுக்கு நடுவில் கேஸ்கெட் போய்விட்டது என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவம் ஒன்றும் கடையில் கிடைக்கும். சிலிண்டர் வாயு கூலண்ட்டில் கலந்தால் அது மஞ்சளாகிவிடும்.

சரி, கேஸ்கெட்தான் என்று தெரிந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி, தண்ணீரை வடித்துவிடுங்கள். பிளாக்கிலிருக்கும் வடிகுழாயைத் திறந்தும் ஒன்றும் வரவில்லை என்றால், உள்ளே சேறு அடைத்திருக்கிறது. கம்பியால் குத்திவிடுங்கள். அந்தச் சேறுதான் கேஸ்கெட் போனதற்கே காரணமாக இருக்கலாம். கார்புரேட்டர், மேனிஃபோல்டு எல்லாம் ஒரே பக்கம் என்பதால் அந்த வேலை ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஸ்பேனர்கள் அங்குல அளவில், அதாவது ஏ.எஃப். அளவில் இருக்க வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து நட்டின் முனையை மழுக்கிவிடாதீர்கள்.

வால்வுகளை அழுத்தும் ராக்கர் கைகள் கோத்திருக்கும் ராக்கர் ஷாஃப்டைத் தாங்கும் நட்டுகளில் சில ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அதனால் எல்லா நட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். தாங்கிகளுக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருந்தால் எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். டேப்பட்டிலிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பிகளான புஷ் ராடுகளை உருவும்போது லேசாகத் திருகிவிட்டு உருவுங்கள். இல்லாவிட்டால் எண்ணெயின் பிசுபிசுப்பில் கீழிருக்கும் டேப்பட்டும் கூடவே ஏறி வந்து வேறெங்காவது விழுந்து வைக்கும். அட்டைப்பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு, வந்த வரிசையிலேயே செருகி வையுங்கள்.

ஹெட் வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஸ்க்ரூடிரைவரை நடுவில் விட்டு நெம்பவே கூடாது, பரப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் புதுக் கேஸ்கெட் அங்கேதான் ஒழுகும். பழைய மெக்கானிக்குகள் செய்யும் வழி ஒன்று உண்டு: ராக்கரைக் கழற்றுவதற்கு முன் ஹெட் நட்டுகளை ஓரிரு சுற்று மட்டும் தளர்த்தி, ஸ்பார்க் பிளக்குகள் இடத்திலேயே இருக்க, இஞ்சினைக் கையால் சுற்றுவது. சிலிண்டரின் அழுத்தமே பிடியை விடுவித்துவிடும். தூக்குவதற்கு மட்டும் இன்னொருவரைக் கூப்பிடுங்கள், நல்ல கனம். பழைய கேஸ்கெட் அந்தக் காலத்தில் போட்டதாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உலர்ந்தபடியே சுரண்டாமல் நனைத்து எடுங்கள், கம்பி பிரஷ் மெஷின் பக்கமே போகாதீர்கள்.

இனிமேல்தான் அவசரப்படக் கூடாத கட்டம். கழற்றிய வேகத்தில் புதுசை வைத்து மூடிவிட்டு, அடுத்த கோடையில் மறுபடி திறக்கிறவர்கள் நிறைய. ஹெட்டைச் சுத்தமாகத் துடைத்து, நேரான இரும்புப் பட்டியை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். 0.05 மி.மீ. தகடு சுலபமாகப் போய் வந்தால் லேத் பட்டறையில் கொடுத்து ஃபேஸிங் போட்டு, அதாவது பரப்பைச் சமமாகச் சீவி, வாங்கிவிடுவது நல்லது. பிளாக்கின் மேல் பரப்பையும் இதேபோல் பார்க்க வேண்டும். அங்கே ஸ்டட் (ஹெட் நட்டு ஏறும் மரைக் கம்பி) திருகியிருக்கும் துளையைச் சுற்றிப் பல வருட இழுவையில் இரும்பு மேடாக எழும்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்குத் தெரியும். ஸ்டட்டை எடுத்து அந்த மேட்டைச் சீவிவிடாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேஸ்கெட்டும் அங்கே உட்காராது. ஹெட்டில் நடு இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வெளியேறும் வழி ஒன்றே என்பதால் சூடெல்லாம் அங்கேதான் கூடும்.

ஹெட் பட்டறைக்குப் போகிறதென்றால் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய சீட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டு, இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள். ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை பிரிட்டனில் 1999 முடிவோடு நின்றுவிட்டது. பழைய சீட்டுகள் அந்த ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டவை.

புதுக் கேஸ்கெட்டில் மேல் பக்கம், முன் பக்கம் என்று அச்சடித்திருந்தால் அப்படியே வையுங்கள். ஸ்டட்டுகளின் மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய். நட்டுகளை நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, மூன்று நான்கு கட்டங்களில் முறுக்க வேண்டும். கடைசி அளவு 45 முதல் 50 பவுண்டு-அடி. ராக்கர் தாங்கியின் சின்ன நட்டுகளுக்கு 25 போதும். இதற்கு டார்க் ரெஞ்ச் கட்டாயம் வேண்டும். கையளவை நம்பாதீர்கள், தெரிந்தவரிடம் ஒருநாள் இரவல் வாங்குங்கள்.

வால்வு இடைவெளி (வால்வின் முனைக்கும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளி) குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம், ஏறக்குறைய 0.38 மி.மீ. எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவது, இப்படியே. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். தண்ணீர் ஊற்றும்போது ஹீட்டர் வால்வைத் திறந்து வையுங்கள், காற்று உள்ளே அடைபடாது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

சில கேஸ்கெட்டுகள் ஒருமுறை சூடாகி ஆறியதும் அமுங்கும். உங்களுடையதற்கு மறுமுறுக்கு வேண்டுமா என்று அதன் உறையிலேயே போட்டிருக்கும். வேண்டுமென்றால், முழுக்க ஆறிய பிறகு ஒவ்வொரு நட்டையும் லேசாகத் தளர்த்தி, மறுபடி அதே அளவுக்கு முறுக்குங்கள். ஹெட் கொஞ்சம் இறங்கினாலும் வால்வு இடைவெளி குறைந்துவிடும் என்பதால் அதையும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அப்புறம் ஓட்டும்போது மேலே லேசாக டிக் டிக் என்று கேட்டால் இடைவெளியைக் குறைத்து அதை அடக்கப் பார்க்காதீர்கள். இந்த இஞ்சினின் இயல்பே அந்தச் சத்தம்தான், இடைவெளி குறைந்தால் வால்வு கருகும்.